மூன்றாவது நாற்காலி

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார் தொழிலாளர் நல அமைச்சர்.

பேச வாயைத் திறந்தார்.

வார்த்தை வரவில்லை.

நுரை வந்தது.

கை மேஜையைத் துழாவியது. காகிதக் கட்டு சரிந்தது. கண்ணாடி டம்ளர் மேஜைமேல் சாய்ந்து உருண்டது. அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

மற்ற மூன்று அமைச்சர்களும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். நாட்டின் பெரிய துறைமுகத்தைக் குத்தகைக்கு விடலாமா என்று தீர்மானிக்க வந்தவர்கள். விழுந்தவரைத் தூக்குவது எந்தத் துறையின் வேலை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எழுந்து ஓடியவள் குழுச் செயலர் ஒருத்திதான்.

மூலையில் தனி மேஜையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். துடிப்பு இருந்தது.

இல்லை... அது அவளுடைய விரலின் துடிப்பு.

"டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார் தலைமை நாற்காலியில் இருந்த நிதி அமைச்சர்.

"கூப்பிடறேன் சார். ஆனா அவருக்கு இனிமே வேலை இல்ல."

அப்போதுதான் அறையைப் பார்த்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. இரட்டைக் கதவு. உள்ளே அவளையும் சேர்த்து நாலு பேர் உயிரோடு. மற்ற மூவரில் ஒருவர் இதைச் செய்திருக்கலாம். அவர் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கலாம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

இன்ஸ்பெக்டர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. பிணத்தைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அமைச்சர்களை வெளியே வராந்தா சோபாவுக்கு அனுப்பிவிட்டு, செயலரை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"மேடம், இங்க என்ன கூட்டம் நடந்துச்சு?"

"கூட்டம் நடந்ததான்னு நான் சொல்ல முடியாது."

"அஞ்சு நாற்காலி. அஞ்சு டம்ளர். நாலு மந்திரி. என்ன, சீட்டாட வந்தாங்களா?"

"நீங்க பார்த்ததை நீங்க சொல்லலாம் சார். நான் சொல்ல முடியாது."

"மந்திரி செத்துட்டார்னாவது சொல்லலாமா?"

யோசித்தாள்.

"அதை டாக்டர்தான் சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஆபீஸ்ல ஏதாவது பட்டப்பேர் இருக்கா?"

"பூட்டு."

"சரியாத்தான் வெச்சிருக்காங்க."

சொல்ல முடியாது என்று அவள் குறும்புக்குச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். வேலையில் சேர்ந்தபோது ரகசியப் பிரமாணம் எடுத்திருந்தாள். குழு ஒன்று இருக்கிறதா, அதில் யார் யார், எப்போது கூடுவார்கள், யார் என்ன பேசினார்கள்... எதுவும் வெளியே போகக் கூடாது. வீட்டுக்காரருக்கே தெரியாது. 'ஆபீஸ்ல டைப் அடிக்கறா' என்றுதான் அவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

வராந்தாவுக்குப் போய் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். அமைச்சரவைச் செயலாளர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ரூல் என்னன்னு கேட்டா சொல்லுங்க. யார் யார் உறுப்பினர்னு சொல்லுங்க, கொலைக்கேஸ்ல அதை மறைக்க முடியாது. கூட்டத்துல நடந்தது மட்டும் ஒரு சொல் வெளிய போகக்கூடாது. பயமா இருக்காம்மா?"

"ஆமா சார்."

"எனக்கும்தான்" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்தாள்.

"ரூல் கேளுங்க சார். சொல்றேன்."

"அப்பாடா. மொத்த மந்திரிசபையும் உட்காந்துதானே முடிவெடுக்கும்? இது என்ன நாலு பேர் மட்டும்?"

"எல்லாரும் எல்லாத்தையும் பேசினா ஒண்ணும் நடக்காது. அதுக்குத்தான் குழு. ஒரு விஷயத்துக்குச் சம்பந்தப்பட்ட மந்திரிங்க மட்டும் இருப்பாங்க. அவங்க ஒத்துப்போனா அதுதான் முடிவு. மொத்த அமைச்சரவை எடுத்த முடிவு மாதிரி அது எல்லாரையும் கட்டும். பிடிக்காத மந்திரியும் வெளிய வந்து அதைத்தான் ஆதரிச்சுப் பேசணும்."

"ஒத்துப்போகலைன்னா?"

"ஒருத்தர் விடாப்பிடியா ஆட்சேபிச்சாப் போதும். விஷயம் முழு அமைச்சரவைக்கு மேல போயிடும்."

"ஓட்டெடுப்பு?"

"கிடையாது. எல்லாரும் பேசுவாங்க. கடைசியா தலைவர் தொகுத்துச் சொல்வார். அவர் சொல்றதுதான் முடிவு."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "தலைவர் நான் இல்ல, அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். எல்லாம் மூடி போட்ட கண்ணாடி டம்ளர்கள். காலையிலேயே நிரப்பி, நாற்காலிக்கு ஒன்றாக வைத்துவிடுவார்கள்.

"ஜாடித் தண்ணி நல்லாருக்கு. மத்த டம்ளரும் சுத்தம். இவரோடதுல மட்டும் வாடை. ஆளைக் குறிவெச்சு வெச்சிருக்காங்க. அடுத்த எலெக்‌ஷன்ல நிக்கமாட்டேன்னு சொல்லிட்டிருந்த மனுஷன். இவரைக் கொன்னு யாருக்கு என்ன லாபம்?"

அவள் சரிந்து கிடந்த காகிதங்களைப் பார்த்தாள்.

"இன்னொரு ரூல். துணைப் பிரதமர்தான் இந்தக் குழுவுக்குத் தலைவர்?"

"ஆமா. நாங்க பெரியவர்னு சொல்வோம்."

"அவர் இங்க இல்ல. வரலையா?"

"..."

"சரி, ரூலாவே கேக்கறேன். தலைவர் வரலைன்னா என்ன ஆகும்?"

"மூப்பு வரிசையில அடுத்தவர் தலைமை நாற்காலிக்கு வருவார்."

"அவரோட நாற்காலி?"

"அதுக்கு அவருக்கு அடுத்தவர். அப்படியே எல்லாரும் ஒரு இடம் மேல வருவாங்க. கடைசி நாற்காலி காலியா இருக்கும்."

"பேர் எழுதின அட்டை எதுவும் வைக்கறதில்லையா?"

"குழுவுல யார் இருக்காங்கன்னே ரகசியம் சார். அட்டை எப்படி வைக்கறது? அவங்கவங்க இடம் அவங்கவங்களுக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

தலைமை நாற்காலியைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். பிணத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்ததைத் தொட்டார்.

"மூணாவது."

அவளும் எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப இது இவரோட வழக்கமான இடம் இல்ல. இவர் நாலாவது ஆளு. இன்னிக்கு மட்டும் ஒரு இடம் மேல வந்திருக்காரு. விஷம் வெச்சவனுக்கு அது தெரியாது. மூணாவது நாற்காலிக்கு வெச்சான். அங்க வழக்கமா உட்கார்ற ஆளுக்கு வெச்சான்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"மூப்பு வரிசையில மூணாவது யாரு மேடம்?"

இரட்டைக் கதவு திறந்திருந்தது. வராந்தா சோபாவில் சட்ட அமைச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பருத்திப் புடவை. மடியில் கோத்த கைகள். அந்தக் கைகள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

இன்ஸ்பெக்டரின் கண்களும் அங்கேதான் போயின.

"அந்த அம்மாவா?"

அவள் தலை லேசாக அசைந்தது.

உறுப்பினர் யார் என்று சொல்லலாம், யார் எங்கே உட்கார்ந்தார் என்று சொல்லக் கூடாது. பிரமாணம் எடுத்த நாளிலிருந்து அவள் செய்த முதல் தவறு. ஓர் உயிரைக் காப்பாற்றச் செய்த தவறு என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"ரெண்டு பெண் போலீஸை அனுப்பறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த அம்மா ரூம் வாசல்ல இருக்கட்டும். தப்பின ஆளை ரெண்டாந்தடவை விடமாட்டானுங்க."

*

அந்தக் கட்டடத்தில் அமைச்சர்களுக்குத் துறைதான் பெயர். நிதி வந்தாச்சு, கப்பல் கிளம்பியாச்சு, சட்டம் கோபமா இருக்கு... அப்படித்தான் பேச்சு.

வராந்தாவில் கப்பல் அவளை மறித்தார். மந்திரியாகி ஒரு மழைக்காலம்கூட ஆகாதவர். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

"போலீஸ்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ரூல் சொன்னேன் சார்."

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

"குத்தகை வேணும்னு பேசினது நான். வேணாம்னு பேசினது சட்டம். இப்ப சட்டத்தைக் கொல்லப் பார்த்தாங்கன்னு வராந்தா பூரா பேச்சு." குரலைத் தாழ்த்தினார். "கூட்டிக் கழிச்சா யார் மேல வரும்னு உங்களுக்கே தெரியும்."

அவள் சுவரோடு ஒட்டி நகர்ந்தாள். அவர் விடவில்லை. இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார். அவர் மூச்சில் சிகரெட் வாடை.

"நீங்க உள்ள நடந்ததைச் சொல்லமாட்டீங்கதானே?"

"சொல்ல மாட்டேன் சார்."

"சத்தியமா?"

"ஏற்கெனவே பண்ணிட்டேன் சார். உங்களுக்குத் தனியா ஒண்ணு வேணுமா?"

அவர் வழிவிட்டார்.

மாடிப்படி திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கூட்டத்தில் பேசியது மண்டைக்குள் ஓடியது. சட்டம் முதலில் பேசினார். 'இந்தக் குத்தகை கூடாது. ஆட்சேபிக்கிறேன்' என்றார். அவர் துறை முன்கூட்டி எழுதி அனுப்பியதோ சம்மதம் என்று. துறை ஒன்று எழுதும், அமைச்சர் ஒன்று பேசுவார். அது நடப்பதுதான். அடுத்து தொழிலாளர் நலத்தின் முறை. தண்ணீரைக் குடித்தார். தொண்டையைச் செருமினார்...

போன் அதிர்ந்தது. துள்ளிவிட்டாள்.

வீட்டுக்காரர்.

"டிவில உங்க கட்டடத்தைக் காட்டறான். வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது. எங்க இருக்க?"

"ஆபீஸ்ல."

"என்ன ஆச்சு?"

"சொல்ல முடியாதுங்க."

"நீ உயிரோட இருக்கியா? அதையாவது சொல்லலாமா?"

"இருக்கேன்."

"அது போதும். மத்ததை டிவி சொல்லும்" என்றார். பிறகு, குரல் மாறி, "வந்துடு சீக்கிரம்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதி அமைச்சரின் அறைக்குப் போனாள். கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

நிதி மேஜைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

"குத்தகைக் கம்பெனி கொடுத்த கெடு இன்னிக்கு ஆபீஸ் மூடறதோட முடியுது. முடிவை இன்னிக்கே அனுப்பியாகணும். மறுபடி எல்லாரும் ஒரு ரூம்ல உட்கார வேணாம். எவன் என்ன கலந்து வெப்பான்னு யாருக்குத் தெரியும்? தனித்தனியா சம்மதம் வாங்கிடுங்க. அதுக்கு ரூல் இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா தொழிலாளர் நலம்..."

"செத்தவர்கிட்ட எப்படிக் கேக்கறது? பேசாத துறை ஒத்துக்கிட்டதாத்தான் கணக்கு."

"அப்பவும் சட்டம் ஆட்சேபம் சொல்லியிருக்காங்க."

"வாபஸ் வாங்கறாங்களாம். என்கிட்ட நேர்ல சொல்லல. அவங்களும் நானும் பேசியே ஒரு வருஷம் இருக்கும், அது உங்களுக்குத் தெரியும். பி.ஏ. மூலமா சொல்லி அனுப்பினாங்க. பாவம், ஆடிப்போயிருக்காங்க. போய் ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க."

அவள் போனாள்.

*

சட்ட அமைச்சரின் அறை வாசலில் இரண்டு பெண் போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஒருத்தி கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே திரைச்சீலைகள் மூடியிருந்தன. பகலிலேயே மேஜை விளக்கு எரிந்தது.

"கதவைச் சாத்திடுங்க" என்றார் சட்டம். "சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுது."

சாத்தினாள். போனை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

சட்டம் ஒரு காகிதத்தைத் தள்ளினார். ஆட்சேபத்தை வாபஸ் பெறுகிறேன் என்று ஒரு வரி. கீழே கையெழுத்து. பேனா நடுங்கிய தடம் எழுத்தில் இருந்தது.

"கோழைன்னு நினைப்பீங்க."

"இல்ல மேடம்."

"உயிர் இருந்தாத்தானே கொள்கை. எனக்குக் குழந்தைங்க இருக்கு." சட்டம் மூக்கை உறிஞ்சினார். மேஜைமேல் தட்டில் ஒரு கப் காபி ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைத் தட்டோடு செயலர் பக்கம் நகர்த்தினார். "எனக்குக் கொண்டுவந்து வெச்சாங்க. தொண்டைல இறங்க மாட்டேங்குது. நீங்க குடிங்க. காலைலேர்ந்து ஓடிட்டே இருக்கீங்க."

"பரவால்ல மேடம்..."

"குடிங்கன்னா."

கப்பை எடுத்தாள். சூடு விரலுக்கு இதமாக இருந்தது. அன்று அவளிடம் யாரும் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்" என்றார் சட்டம். "நீங்க என்னை ஒரு இடம் மேல நகரச் சொன்னீங்க. அதனால பிழைச்சேன். இல்லன்னா அந்த மூணாவது நாற்காலில நான்தானே?"

கப் உதட்டருகே நின்றது.

நகரச் சொன்னேனா?

காலையில் பெரியவர் போன் செய்தது நினைவுக்கு வந்தது. 'வயித்தைப் புரட்டுதும்மா, வர முடியாது.' அவள் நிதிக்கு மட்டும் தெரிவித்தாள். தலைமை தாங்குகிறவர் தயாராக வேண்டும். மற்றவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரியவர் வரவில்லை என்று தெரிந்தால் மற்றவர்களும் மட்டம் போட்டுவிடுவார்கள். அறைக்குள் வந்த பிறகுதான் சொல்வாள்.

தொழிலாளர் நலம் வந்து நாலாவது நாற்காலியை இழுத்தார். 'ஒரு இடம் மேல வாங்க சார்' என்றாள். 'இந்த வயசுல பிரமோஷனா?' என்று சிரித்தார்.

கப்பல் வந்து ஐந்தாவதில் கைப்பையை வைத்தார். 'ஒரு இடம் மேல சார்' என்றாள். முனகிக்கொண்டே நகர்ந்தார்.

சட்டம்?

சட்டம் எல்லோருக்கும் முன்னால் வந்தவர். அவள் வராந்தாவில் போன் பேசிவிட்டு உள்ளே வந்தபோது அறையில் தனியாக உட்கார்ந்து காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது நாற்காலியில்.

இன்றைக்கு அவர் எங்கே உட்கார வேண்டுமோ, மிகச் சரியாக அங்கே. யாரும் சொல்லாமலே. சரியாக இருந்ததால்தான் அவள் கண்ணில் அது உறுத்தவேயில்லை.

தப்பாக உட்கார்ந்திருந்தால் அப்போதே பார்த்திருப்பாள்.

நிதி சொல்லியிருக்க முடியாது. இருவருக்கும் பேச்சே கிடையாது.

அப்படியானால் பெரியவர் வரமாட்டார் என்று இவருக்கு முன்னமே தெரியும். தன் வழக்கமான நாற்காலியில் இன்று யார் உட்காருவார் என்றும் தெரியும். அறையில் தனியாக இருந்தபோது அந்த டம்ளரின் மூடியைத் திறக்க அவருக்குத் தடையே இல்லை.

குறி தப்பவில்லை.

குறி தொழிலாளர் நலம்தான். அவர் ஆட்சேபிக்கப் போகிறார் என்று பெரியவருக்கு எழுதி அனுப்பியவள் அவளேதான். அவர் வாயை மூடியாகிவிட்டது. உலகத்தின் கண்ணுக்குச் சட்டம்தான் தப்பிப் பிழைத்தவர். பயந்துபோய் ஆட்சேபத்தை வாபஸ் வாங்குகிறவர். அந்த ஆட்சேபமே நாடகம். குத்தகை முடிவாகிவிடும். ஒருவரும் அவரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

இந்தக் காபி...

சட்டத்துக்கு வந்த காபி. பக்கத்தில் இருந்தவள் குடித்துவிட்டாள். மறுபடியும் குறி தப்பிவிட்டது, பாவம் அந்த அம்மா, என்பார்கள்.

கப்பைத் தட்டில் வைத்தாள். கை உதறியதில் பீங்கான் கிணுகிணுத்தது.

சட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவர் கை நடுக்கம் நின்றிருந்தது. அழுகையும் நின்றிருந்தது.

"கணக்குப் போட்டுட்ட" என்றார். நீங்க போய் நீ வந்திருந்தது. "கண்ணுலயே தெரியுது."

கதவு அவள் முதுகுக்குப் பின்னால் எட்டடி.

"பெரியவர்... வயிறு..."

"நேத்து சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டீல ஒரு சின்ன மருந்து. வயசானவர் இல்லையா, ரெண்டு நாள்ல சரியாயிடும். நீ அவருக்கு அனுப்பின குறிப்பையும் காட்டினார். யார் என்ன பேசப்போறாங்கன்னு அழகா எழுதியிருந்த. வாயில ஒண்ணும் நிக்காது அவருக்கு."

"குத்தகைக் கம்பெனி..."

"என் தம்பியோட மாமனாரோடது. வெளிய யாருக்கும் தெரியாது. உனக்கு இப்ப தெரியும்." கப்பை மறுபடி அவள் பக்கம் தள்ளினார். "ஆறிடும்."

"நான் கத்துவேன்."

"கத்து. வாசல்ல இருக்கறவங்க எனக்குக் காவல் நிக்கறாங்க. பைத்தியம் பிடிச்ச மாதிரி என் மேல பாஞ்சன்னு சொல்வேன். அதுக்கு என்ன ஆதாரம்னு நீ கேக்கலாம். உன்கிட்ட என்ன இருக்குன்னு நான் கேப்பேன். நான் எந்த நாற்காலில உட்காந்தேன்ங்கறது மட்டும்தானே? அது குழு ரகசியம். நீ கோர்ட்ல வாயைத் திறந்தா, நான் எழுந்து நிறுத்துவேன். நானே சட்ட அமைச்சர். செல்லாதுன்னு சொல்ல எனக்குத் தெரியாதா? உன் வேலை போகும். உள்ளயும் போவ."

அவள் பேசவில்லை.

"அதனாலதான் உன்னை எனக்குப் பிடிக்கும். பூட்டு."

மேஜைமேல் போன் அதிர்ந்தது.

இருவரும் பார்த்தார்கள். திரையில் இன்ஸ்பெக்டரின் எண்.

"எடு" என்றார் சட்டம், அசையாமல். "கையெழுத்து வாங்கிட்டேன், எல்லாம் நல்லபடியா இருக்குன்னு சொல்லு. உனக்கும் வீட்ல ஒருத்தர் காத்திட்டிருப்பார் இல்லையா?"

எடுத்தாள். காதில் வைத்தாள்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி" என்றது இன்ஸ்பெக்டரின் குரல். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. "பெரியவர் வரலைன்னு யார் யாருக்கு முன்னாடியே தெரியும்? ரூலா சொல்லுங்க, போதும்."

சட்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இமை அசையவில்லை.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. காலையில் இன்னொருவர் இப்படித்தான் வாயைத் திறந்தார். அவர் சொல்ல வந்தது அவரோடு போய்விட்டது.

"ரூல் இல்ல சார்" என்றாள். "நடந்ததைச் சொல்றேன். நிதிக்கு மட்டும் சொன்னேன். சட்டம் மேடத்துக்குச் சொல்லல. ஆனா நான் உள்ள வந்தப்ப அவங்க ரெண்டாவது நாற்காலில உட்காந்திருந்தாங்க. தனியா. நான் நகரச் சொல்றதுக்கு முன்னாடியே. இப்ப அவங்க ரூம்ல இருக்கேன். அவங்களுக்கு வந்த காபியை என்னைக் குடிக்கச் சொல்றாங்க. நான் குடிக்கல."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

சட்டம் எழுந்துவிட்டார்.

"பிரமாணத்தை மீறிட்ட. கூட்டத்துல நடந்ததை வெளிய சொல்லிட்ட. இது எங்கயும் செல்லாது."

"கூட்டம் தலைவர் தொடங்கிவைக்கறப்பதான் தொடங்கும் மேடம்." அழுகை வந்தது, ஆனாலும் சொன்னாள். "நீங்க உட்காந்தது அதுக்கு முன்னாடி. ஒரு அம்மா ஒரு ரூமுக்கு வந்து ஒரு நாற்காலில உட்காந்தாங்க. அது குழு நடவடிக்கை இல்ல. ரகசியமும் இல்ல. கேட்டா எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லலாம்."

சட்டத்தின் கை காபிக் கப்புக்குப் பாய்ந்தது. கொட்டிவிட.

அவள் அதற்கு முன் தட்டோடு இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பாதி காபி புடவையில் சிந்தியது. சுட்டது. விடவில்லை.

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பின்னால் அந்த இரண்டு பெண் போலீஸ்காரர்கள். போன் இன்னும் அவர் காதில் இருந்தது.

"கப்பைக் குடுங்க மேடம். மிச்சம் இருக்கறது போதும். புடவையையும் அப்பறம் கேப்போம், மன்னிச்சுக்கோங்க."

தட்டைக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் விரல்கள் மடங்கியே இருந்தன.

பெண் போலீஸ்காரர்கள் மேஜையின் இரு பக்கமும் சுற்றி வந்தார்கள். சட்ட அமைச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் மறுபடியும் அதிகாரம் வந்திருந்தது.

"நான் ஒரு அமைச்சர். யார் மேல கை வைக்கறீங்கன்னு யோசிச்சுப் பண்ணுங்க. இதெல்லாம் மொத்த அமைச்சரவையும் கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயம்."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"எல்லாரும் எல்லாத்தையும் பேசினா ஒண்ணும் நடக்காதாம் மேடம். அதான் வாசல்ல நானும் இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னக் குழு போட்டோம். யாரும் ஆட்சேபிக்கல."